இரும்புச்சத்து ஏற கீரையா, மாத்திரையா, டிரிப்பா? எந்தக் கதவு அடைத்திருக்கிறது என்று முதலில் பாருங்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப்புற ஊரில் மருந்துக்கடை கவுண்டருக்குப் பின்னால் நிற்பவனுக்கு இந்தக் கேள்வி புதிதில்லை. "தம்பி, கிளினிக்ல ரத்தம் கம்மின்னு இரும்பு மாத்திரை குடுத்தாங்க. சாப்பிட்டா வயித்தப் பிரட்டுது. பேசாம டிரிப் போட்டுக்கலாமா? இல்ல முருங்கக்கீர, ஈரல்னு சாப்ட்டாலே போதுமா?" செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கும் அக்காவும் கேட்பார், ஈப்போவில் ஆபீஸ் வேலை பார்க்கும் அவர் மகளும் கேட்பார். இருவருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது.

நம்மிடம் இரும்பைப் பற்றிய பேச்சு முழுக்க "எதில் அதிகம் இருக்கிறது" என்பதிலேயே நின்றுவிடுகிறது. வாய்க்குள் போனது எவ்வளவு என்பது பாதிக் கணக்குதான். குடல் சவ்வைத் தாண்டி ரத்தத்துக்கு வந்தது எவ்வளவு என்பதுதான் மீதி. அந்த வழியைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால், உங்களுக்கு எது பொருந்தும் என்பது ஓரளவு தானாகவே புரியும்.

## இரும்பு போகும் வழி

வளர்ந்த ஒருவரின் உடம்பில் மொத்தம் 3 முதல் 4 கிராம் இரும்பு இருக்கும். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சிவப்பணுக்களின் ஹீமோகுளோபினில். தினமும் உணவிலிருந்து உள்ளே வருவது 1 முதல் 2 மி.கி. மட்டுமே. உடம்புக்குத் தினம் தேவைப்படும் 20, 25 மி.கி. இரும்பு, ஆயுள் முடிந்த சிவப்பணுக்களை மண்ணீரலிலும் ஈரலிலும் உள்ள மேக்ரோஃபேஜ் செல்கள் விழுங்கிப் பிரித்துக் கொடுப்பதிலிருந்து கிடைக்கிறது. தேவைக்கு மேல் சேர்ந்த இரும்பை வெளியேற்ற உடம்பில் தனி வழி எதுவும் கிடையாது. அதனால்தான் உள்ளே விடும்போதே அவ்வளவு கறார்.

இரும்பு மின்னேற்றம் உள்ள அயனி. கொழுப்பாலான செல் சவ்வை அதனால் சும்மா ஊடுருவ முடியாது. அதற்கென்று உள்ள புரதக் கதவு வழியாகத்தான் போக வேண்டும். சிறுகுடலின் முதல் பகுதியில், உணவைப் பார்த்திருக்கும் பக்கத்தில் டிஎம்டி1 என்ற கதவு. 1997-இல் அடையாளம் கண்டார்கள். இது இரண்டு மின்னேற்றம் உள்ள ஃபெரஸ் இரும்பை மட்டும், கூடவே ஒரு புரோட்டானையும் சேர்த்து, உள்ளே இழுக்கும். கீரையிலும் பருப்பிலும் இருப்பது பெரும்பாலும் மூன்று மின்னேற்றம் உள்ள ஃபெரிக் இரும்பு. அதை முதலில் ஃபெரஸாக மாற்றியாக வேண்டும். வைட்டமின் சி உதவுவது இந்த இடத்தில். வயிற்று அமிலம் உதவுவதும் இங்கேதான். நெஞ்செரிச்சலுக்கு ஒமெப்ரசோல் தொடர்ந்து சாப்பிடுபவர்களுக்கு இரும்பு சரியாக ஏறாததற்கு இதுவே முக்கியக் காரணம்.

குடல் செல்லுக்குள் வந்துவிட்டால் ரத்தத்துக்கு வந்ததாக அர்த்தமில்லை. மறுபக்கச் சவ்வில் ஃபெரோபோர்ட்டின் என்ற இன்னொரு கதவைத் தாண்ட வேண்டும். செல்லிலிருந்து இரும்பை வெளியே விட உடம்பில் நமக்குத் தெரிந்த ஒரே கதவு அது. குடல் செல்லிலும் அதுதான், மேக்ரோஃபேஜிலும் அதுதான், ஈரல் செல்லிலும் அதுதான். அதைத் திறப்பதும் மூடுவதும் ஹெப்சிடின். ஈரல் சுரக்கும், வெறும் 25 அமினோ அமிலம் கொண்ட குட்டி ஹார்மோன். அது ஃபெரோபோர்ட்டினில் போய் ஒட்டிக்கொண்டால், அந்தப் புரதத்தையே செல் உள்ளே இழுத்து அழித்துவிடும். 2004-இல்தான் இது தெளிவானது. கதவு இல்லாமல் போனதும் இரும்பு குடல் செல்லுக்குள்ளேயே, ஃபெரிட்டின் என்ற சேமிப்புப் புரதத்தில் தங்கிவிடும். அந்தச் செல் சில நாளில் உதிர்ந்து மலத்தோடு போகும்போது இரும்பும் கூடவே போய்விடும்.

கதவைத் தாண்டி ரத்தத்துக்கு வந்த இரும்பை டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் சுமந்து எலும்பு மஜ்ஜைக்குக் கொண்டுபோகிறது. அங்கே செல் அதை அப்படியே ஒரு பையாக உள்ளே இழுத்து, பைக்குள் அமிலத்தைக் கூட்டி, இரும்பைக் கழற்றிக்கொண்டு, காலி டிரான்ஸ்ஃபெரினைத் திருப்பி அனுப்பிவிடும். பையிலிருந்து இரும்பை வெளியே எடுப்பதும் அதே டிஎம்டி1 தான்.

ஹெப்சிடின் கூடும் நேரங்கள் இரண்டை மட்டும் நினைவில் வையுங்கள்: உடம்பில் இரும்பு ஏறும்போது, உடம்பில் அழற்சி இருக்கும்போது. கிருமிகளுக்கும் வளர இரும்பு வேண்டும் என்பதால், காய்ச்சல் வந்தால் உடம்பு இரும்பை ஒளித்துவைக்கிறது. பத்து நாள் காய்ச்சலுக்கு இது நல்ல ஏற்பாடு. பத்து வருட மூட்டுவாதத்துக்கும் சிறுநீரக நோய்க்கும் இதுவே ரத்தச்சோகையாகிவிடுகிறது.

## எதை வைத்து முடிவெடுப்பது

முதல் கேள்வி, இது இரும்புக் குறைவுதானா என்பது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஹீமோகுளோபின் (டெசிலிட்டருக்கு இத்தனை கிராம் என்ற கணக்கில்) பெண்களுக்கு 12-க்குக் கீழே, கர்ப்பிணிகளுக்கு 11-க்குக் கீழே (நடு மூன்று மாதத்தில் 10.5-க்குக் கீழே), ஆண்களுக்கு 13-க்குக் கீழே போனால் ரத்தச்சோகை. ஆனால் ரத்தச்சோகை எல்லாம் இரும்புக் குறைவு ஆகாது. மலேசியாவில் தலசீமியா மரபணுவைச் சுமப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். மலாய், சீனக் குடும்பங்களில் அதிகம் என்றாலும் நம் தமிழ்க் குடும்பங்களிலும் இல்லாமல் இல்லை. அவர்களுக்கும் சிவப்பணு சின்னதாகத்தான் இருக்கும்.

உங்கள் ரத்த அறிக்கையில் எம்சிவி (சிவப்பணுவின் சராசரி அளவு) என்று ஒரு வரியும், சிவப்பணு எண்ணிக்கை என்று ஒரு வரியும் இருக்கும். முதலாவதை இரண்டாவதால் வகுத்துப் பாருங்கள். எம்சிவி 70, எண்ணிக்கை 3.9 என்றால் வருவது 17.9, இரும்புக் குறைவு என்று சந்தேகிக்கலாம். எம்சிவி 64, எண்ணிக்கை 5.6 என்றால் 11.4, 13-க்குக் கீழே வந்தால் தலசீமியாவைச் சுமப்பவராக இருக்க வாய்ப்பு அதிகம். இது குத்துமதிப்பான கணக்குதான். உறுதி செய்ய ஃபெரிட்டினும் ஹீமோகுளோபின் பகுப்பாய்வும் வேண்டும். ஃபெரிட்டின் நல்ல அளவில் இருக்கும் தலசீமியா சுமப்பவர் வருடக்கணக்கில் இரும்பு மாத்திரை சாப்பிடுவதில் ஒரு பயனும் இல்லை.

ஃபெரிட்டினிலும் ஒரு கண்ணி உண்டு. 15-க்குக் கீழே என்றால் கையிருப்பு காலி என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் தானாகவே ஏறும். அப்படிப்பட்டவர்களுக்கு 70 வரைக்கும் குறைவாகவே எடுத்துக்கொள்ளலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னது.

இரண்டாவது, எவ்வளவு வேண்டும், எப்போதைக்குள் வேண்டும். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 8 என்று வையுங்கள். டாக்டர்கள் போடும் கணக்கு இது: எடையை, 15-லிருந்து எவ்வளவு குறைகிறதோ அதால் பெருக்கி, 2.4-ஆல் பெருக்கி, கையிருப்புக்காக 500 கூட்ட வேண்டும். 55 × 7 × 2.4 = 924; 500 சேர்த்தால் 1,424 மி.கி. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு கீழே படியுங்கள்.

மூன்றாவது, ரத்தம் போவது நின்றதா. மாதவிலக்கில் சாதாரணமாக 30, 40 மில்லி போகும். ஒரு மில்லிக்கு அரை மி.கி. இரும்பு. 80 மில்லிக்கு மேல் போகிறவருக்கு மாதம் 40 மி.கி.க்குக் குறையாமல் இழப்பு. முன்பு தோட்ட லயங்களில் கொக்கிப்புழு இதே வேலையைச் செய்தது. வெறுங்காலோடு மண்ணில் வேலை செய்கிறவர்களுக்கு இன்றும் அந்த ஆபத்து போய்விடவில்லை. ஒரே வேளை புழு மாத்திரை (அல்பெண்டசோல் 400 மி.கி.) தீர்க்கக்கூடிய விஷயத்துக்கு ஆறு மாதம் இரும்பு மாத்திரை விழுங்குவதில் அர்த்தமில்லை.

நான்காவது, உடம்பில் அழற்சி இருக்கிறதா, அதாவது ஹெப்சிடின் கூடியிருக்குமா. ஐந்தாவது, வயிறு எதைத் தாங்கும், சம்பளம் எதைத் தாங்கும். நாள்கூலிக்காரருக்கு ஈப்போ போய்வரும் ஒரு நாள் என்பது ஒரு நாள் சம்பளமும் சேர்த்துத்தான்.

## சாப்பாடு மட்டும்

எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான், நானும் ஒருநாளும் வேண்டாம் என்று சொல்வதில்லை. ஆனால் அது தனியாக எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதைச் சொல்லிவிட வேண்டும். இரும்பு குறைந்தவருக்கு ஹெப்சிடின் தாழ்ந்து கதவுகள் நன்றாகத் திறந்திருக்கும். அப்போதுகூட உணவிலிருந்து தினம் 3 முதல் 5 மி.கி. ஏறினால் பெரிது. அதில் ஒரு பங்கு அன்றாட இழப்புக்கே சரியாகிவிடும். மிச்சத்தை வைத்து 1,424 மி.கி.யை ஈடுகட்ட வருடம் போய்விடும்.

பேரீச்சம்பழத்தில் 100 கிராமுக்கு 1 மி.கி. அளவுதான். பீட்ரூட் அதைவிடக் குறைவு. சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்று யாரோ கிளப்பிவிட்டது. சமைத்த கோழி ஈரலில் 100 கிராமுக்கு 10 மி.கி.க்கு மேல். அதைவிட முக்கியம், ஈரலிலும் இறைச்சியிலும் ஒரு பங்கு ஹீம் இரும்பாக, அதாவது ஹீமோகுளோபினில் இருக்கும் வடிவத்தில், இருப்பது. ஹீம், டிஎம்டி1 வழியாகப் போகாது. வேறு வழியில் செல்லுக்குள் போய் உள்ளே உடைகிறது. அதனால் தேயிலையும் கீரைச் சத்துகளும் அதை அவ்வளவாகத் தடுக்க முடியாது. கர்ப்பிணிகள் மட்டும் ஈரலைக் குறைத்துக்கொள்ள வேண்டும், வைட்டமின் ஏ மிகுதி. சார் குவே தியாவ் என்ற வறுத்த நூடுல்ஸில் போடும் கெராங் சிப்பியின் ரத்தம் சிவப்பாக இருப்பதும் ஹீமோகுளோபினால்தான். சேர்த்துக்கொள்ளலாம், நன்றாக வெந்திருந்தால். அரைவேக்காட்டில் சாப்பிட்டால் மஞ்சள்காமாலை வரலாம்.

சைவக்காரர்கள் முருங்கைக்கீரையையும் பருப்பையும் விட வேண்டாம். கூடவே அரைத் துண்டு பீடோர் கொய்யா வையுங்கள். ஆரஞ்சைவிட வைட்டமின் சி அதில் பல மடங்கு. தே தாரேக்கை (ஆற்றிய பால் தேநீர்) சாப்பாட்டோடு குடிக்காமல் ஒன்றரை, இரண்டு மணி நேரம் தள்ளி வையுங்கள். தேயிலையின் டானின் கீரை, பருப்பு இரும்பில் பாதிக்கு மேல் தடுத்துவிடும். ரொட்டி சானாயோடு தே தாரேக், கூடவே இரும்பு மாத்திரை என்று காலையை ஆரம்பிப்பவர்களை நான் நிறையப் பார்க்கிறேன்.

சாப்பாடு மட்டும் போதும் என்பது யாருக்கு? ஹீமோகுளோபின் சரியாக இருந்து ஃபெரிட்டின் மட்டும் சற்றுக் குறைந்தவர்களுக்கு. அப்புறம், சிகிச்சை முடித்து மறுபடி இறங்காமல் பார்த்துக்கொள்ள நினைப்பவர்களுக்கு.

## மாத்திரை: தினமுமா, ஒன்றுவிட்டு ஒரு நாளா

ஃபெரஸ் ஃபூமரேட் 200 மி.கி. மாத்திரையில் இரும்பு 65 மி.கி. அளவு. அதில் பத்தில் ஒரு பங்கு அல்லது கொஞ்சம் கூடுதலாக ஏறும். மீதி குடலில் தங்குகிறது. மலம் கறுப்பதும், மலச்சிக்கலும், குமட்டலும் அந்த மீதியால்தான்.

சூரிச்சில் ஆய்வாளர்கள் கவனித்தது இது: 60 மி.கி. இரும்பு ஒரு வேளை சாப்பிட்டாலே ஹெப்சிடின் ஏறி ஏறக்குறைய ஒரு நாள் அப்படியே நிற்கிறது. மறுநாள் சாப்பிடும் மாத்திரை பாதி மூடிய கதவில் போய் முட்டுகிறது. 2017-இல் வெளியான ஆய்வில், ஒன்றுவிட்டு ஒரு நாள் சாப்பிட்ட பெண்களுக்கு 21.8 சதவீதம் ஏறியது, தினம் சாப்பிட்டவர்களுக்கு 16.3 சதவீதம். இதைப் படித்ததும் பலர் "ஒருநாள் விட்டு ஒருநாள்தான் நல்லது" என்று எல்லாருக்கும் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். இன்னொரு எண்ணையும் பார்க்க வேண்டும். இரண்டு குழுவும் சாப்பிட்டது தலா 14 மாத்திரை. தினம் சாப்பிட்டவர்களுக்கு 14 நாளில் 131 மி.கி. ஏறியது; விட்டு விட்டுச் சாப்பிட்டவர்களுக்கு 28 நாளில் 175 மி.கி. அதாவது மாத்திரைக் கணக்கில் இரண்டாவது லாபம், நாள் கணக்கில் முதலாவது லாபம். அந்தப் பெண்கள் இரும்புக் கையிருப்பு குறைந்தவர்கள், கடுமையான ரத்தச்சோகை உள்ளவர்கள் இல்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அதனால் என் முடிவு: அவசரம் இல்லாதவர், வயிறு தாங்காதவர் ஒன்றுவிட்டு ஒரு நாள் சாப்பிடட்டும். கர்ப்பிணியும், ஹீமோகுளோபின் நன்றாக இறங்கியவரும் கிளினிக் சொன்னபடி தினமும் சாப்பிடட்டும். ஒரே நாளில் இரண்டு மூன்றாகப் பிரித்துச் சாப்பிடுவதுதான் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காதது. காலை மாத்திரை ஏற்றிய ஹெப்சிடின் மாலை மாத்திரையைத் தடுக்கிறது; வயிற்று வலி மட்டும் இரட்டிப்பு.

விலை கூடிய மெதுவாகக் கரையும் மாத்திரைகள் வயிற்றுக்கு இதம். ஆனால் டிஎம்டி1 அதிகம் இருக்கும் முதல் பகுதியைத் தாண்டிப் போய்த்தான் அவை முழுதாகக் கரைகின்றன. இதத்துக்குக் காசும் கொடுத்து, இரும்பையும் கொஞ்சம் இழக்கிறோம். பாலிமால்டோஸ் வகை மாத்திரையில் இருப்பது ஃபெரிக் இரும்பு. சாப்பாட்டோடு எடுக்கலாம், ஏறுவது நிதானம்.

அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 வெள்ளி (ரிங்கிட்) பதிவுக் கட்டணத்தில் மாத்திரையும் கிடைத்துவிடும். மறைமுகச் செலவு வேறு இடத்தில் இருக்கிறது. ஹீமோகுளோபின் சரியான பிறகும் கையிருப்பு நிரம்ப மூன்று மாதம் தொடர வேண்டும். பாதிப் பேர் தலைசுற்றல் போனதும் நிறுத்திவிடுகிறார்கள். மிச்சம் இருக்கும் அட்டை அலமாரியில் கிடக்கும். சின்னப் பிள்ளை மிட்டாய் என்று நினைத்து ஒரு அட்டையை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. அவ்வளவு இரும்பு ஒன்றாகப் போனால் குடல் புண்ணாகி, எந்தக் கதவும் அதை நிறுத்தாது. எட்டாத உயரத்தில், பூட்டி வையுங்கள்.

## டிரிப் வழியாக இரும்பு

குடலின் இரண்டு கதவையும் சுற்றிக்கொண்டு போகும் வழி இது. ஃபெரிக் கார்பாக்சிமால்டோஸ் என்றால் ஒரே தடவையில் 1,000 மி.கி. வரை, கால் மணி நேரத்தில் ஏற்றிவிடலாம். ஐயன் சுக்ரோஸ் என்றால் 200 மி.கி. வீதம் பல நாள் போக வேண்டும். மருந்து மலிவு, ஆனால் போக்குவரத்துச் செலவும் சம்பள நாளும் பறிபோகும். தனியாரில் போனால் பல நூறு வெள்ளி ஆகும்.

சர்க்கரை உறையில் சுற்றிய இரும்புத் துகளை மேக்ரோஃபேஜ்கள் விழுங்கி, உடைத்து, ஃபெரோபோர்ட்டின் வழியாக வெளியே விடுகின்றன. கவனியுங்கள், கடைசிக் கதவு இங்கேயும் ஃபெரோபோர்ட்டின்தான். அதனால் அழற்சி கடுமையாக இருந்தால் டிரிப் இரும்பிலும் ஒரு பங்கு மேக்ரோஃபேஜுக்குள் மாட்டிக்கொள்ளும். இருந்தாலும் மாத்திரையில் கிடைப்பதைவிட எவ்வளவோ மேல்.

சிறுநீரகம் பழுதடைந்து டயாலிசிஸ் போகிறவர்களுக்கு இதுதான் வழக்கமான வழி. நம் குடும்பங்களில் இனிப்புநீர் (நீரிழிவு) இருக்கும் அளவுக்கு டயாலிசிஸ் போகிறவர்களும் இருக்கிறார்கள். பழுதான சிறுநீரகம் ஹெப்சிடினைச் சரியாக வெளியேற்றுவதில்லை, கூடவே அழற்சி. மாத்திரை கதவிலேயே நின்றுவிடும். இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கும் அப்படியே. 2017-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 16 வாரம் வாய்வழி இரும்பு கொடுத்தும் அவர்களின் உடல் திறனில் முன்னேற்றம் தெரியவில்லை. கர்ப்பத்தின் பிற்பகுதியில் ஹீமோகுளோபின் மிகவும் இறங்கியவர், எடைக் குறைப்புக்காக இரைப்பை அறுவை செய்தவர், இரண்டு மூன்று வகை மாத்திரை மாற்றியும் வயிறு ஒப்பாதவர் ஆகியோரும் டாக்டரிடம் டிரிப் பற்றிக் கேட்கலாம். முதல் மூன்று மாதக் கர்ப்பத்தில் போடுவதில்லை.

மறைமுகச் செலவுகள்: கார்பாக்சிமால்டோஸ் சிலருக்கு ரத்தத்தில் பாஸ்பேட்டை இறக்கும், டிரிப் போட்ட இரண்டு வாரத்தில் புதுசாகச் சோர்வும் எலும்பு வலியும் வந்தால் அதைச் சோதிக்கச் சொல்லுங்கள். ஊசி விலகி மருந்து தோலுக்கடியில் கசிந்தால் பழுப்புக் கறை நெடுநாள் போகாது. எரிச்சல் தெரிந்த உடனே தாதியைக் கூப்பிடுங்கள். கடும் ஒவ்வாமை அரிது, ஆனாலும் அதைச் சமாளிக்கும் வசதி உள்ள இடத்தில்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

"டிரிப் போட்டா ஒரே நாள்ல தெம்பு வந்துடும்" என்பது நடக்காது. இரும்பு வந்த பிறகும் மஜ்ஜை சிவப்பணு செய்ய வாரங்கள் எடுக்கும்.

## ரத்தம் ஏற்றுதல், அதற்கு எதிர்ப்பக்கத்துப் பிரச்சினை

ஒரு பை ரத்தம் ஹீமோகுளோபினை ஏறக்குறைய 1 அளவு உயர்த்தும். 7-க்குக் கீழே இறங்கி மூச்சு வாங்குகிறவருக்கு, ரத்தம் கொட்டிக்கொண்டிருப்பவருக்கு அது உயிர்காக்கும். வெறும் இரும்புக்காக ரத்தம் ஏற்றுவது சரியில்லை.

ஒரு பையில் 200 முதல் 250 மி.கி. இரும்பு இருக்கிறது. கடும் தலசீமியா உள்ள பிள்ளைகளுக்கு மாதாமாதம் ரத்தம் ஏற்றும்போது இது சேர்ந்துகொண்டே போகும், வெளியேற வழியில்லை. அதோடு இன்னொன்று. மஜ்ஜை வீணாகச் சிவப்பணு செய்து தள்ளும்போது எரித்ரோஃபெரோன் என்ற ஹார்மோனைச் சுரந்து ஹெப்சிடினை அமுக்குகிறது, 2014-இல் கண்டுபிடித்தார்கள். அதனால் இரும்பு மிகுந்தும் குடல் கதவு திறந்தே கிடக்கும். டிரான்ஸ்ஃபெரின் நிரம்பி வழிந்தபின், தனியாகத் திரியும் இரும்பு ஜிப்14 போன்ற வேறு கதவுகள் வழியாக ஈரலுக்குள்ளும் கணையத்துக்குள்ளும் புகுகிறது, இதயமும் தப்புவதில்லை.

அந்த இரும்பைக் கட்டி இழுக்கும் மருந்துகள் மூன்று. அங்கேயும் சவ்வுதான் முடிவு செய்கிறது. டெஸ்ஃபெரியாக்சமின் பெரிய மூலக்கூறு, சவ்வை எளிதில் தாண்டாது, வாய்வழி ஏறாது. வாரத்தில் ஐந்து முதல் ஏழு இரவு, 8 முதல் 12 மணி நேரம் தோலுக்கடியில் பம்ப். பழகிய, நம்பகமான மருந்து. வளர்ந்த பிள்ளைகள் அலுத்துப்போய் விட்டுவிடுவதுதான் அதன் பெரிய குறை. டெஃபெரிப்ரோன் சின்னது, சவ்வைத் தாண்டி இதயச் செல்லுக்குள் போகக்கூடியது. இதயத்தில் இரும்பு சேர்ந்தவர்களுக்கு மதிப்பு அதிகம். ஆனால் தினம் மூன்று வேளை, வெள்ளணு திடீரென்று விழும் ஆபத்து. காய்ச்சல் வந்தால் மருந்தை நிறுத்திவிட்டு அன்றே ரத்தம் பார்க்க வேண்டும். டெஃபெராசிராக்ஸ் தினம் ஒரு வேளை போதும், பெரும்பாலான குடும்பங்களுக்கு இதுவே நடைமுறைக்கு ஒத்துவரும். சிறுநீரகத்தையும் ஈரலையும் தவறாமல் சோதிக்க வேண்டும்.

## ஒரே பார்வையில்

| வழி | ஒரு மாதத்தில் ரத்தத்துக்கு வரும் இரும்பு | அழற்சி இருந்தால் | மறைமுகச் செலவு |
|---|---|---|---|
| சாப்பாடு | 100 மி.கி. தாண்டுவது அரிது | மிகவும் குறையும் | காலம் |
| தினம் ஒரு மாத்திரை | 200 முதல் 300 மி.கி. | நன்றாகக் குறையும் | குமட்டல், பாதியில் நிறுத்துவது |
| ஒன்றுவிட்டு ஒரு நாள் | 150 முதல் 200 மி.கி. | நன்றாகக் குறையும் | நாள் மறந்துபோவது |
| டிரிப் | ஒரே நாளில் 1,000 மி.கி. வரை | ஓரளவு வேலை செய்யும் | சம்பள நாள், பாஸ்பேட் |
| ஒரு பை ரத்தம் | 200 முதல் 250 மி.கி. | ஹீமோகுளோபின் உடனே ஏறும் | தானரத்தத்துக்கே உரிய ஆபத்துகள் |

## யாருக்கு எது

உதிரிப்பழம் பொறுக்கும் அக்காவுக்கு ஹீமோகுளோபின் 8, மாதவிலக்கு அதிகம் என்றால்: தினம் ஒரு மாத்திரை, தேநீர் இல்லாமல். கூடவே மாதவிலக்கைப் பார்க்கப் பெண்கள் டாக்டர். அது குறையாவிட்டால் ஏறுவதும் போவதும் சமமாகவே இருக்கும், டிரிப் போட்டாலும் ஆறு மாதத்தில் பழையபடி ஆகிவிடும். அவர் மகளுக்கு 11.2, ஃபெரிட்டின் 12 என்றால் ஒன்றுவிட்டு ஒரு நாளும் கொய்யாவும் போதும்.

32 வாரக் கர்ப்பிணிக்கு 8 என்றால் காத்திருக்க நாளில்லை, டிரிப்தான். கர்ப்பத்துக்கு மட்டும் மொத்தம் 1,000 மி.கி. அளவு இரும்பு தேவைப்படுகிறது. அதை எட்டாவது மாதத்தில் மாத்திரையால் பிடிக்க முடியாது.

ஐம்பது வயது அண்ணனுக்கோ, மாதவிலக்கு நின்ற அம்மாவுக்கோ இரும்பு குறைந்திருந்தால், எது சாப்பிடுவது என்ற கேள்வியே இரண்டாவதுதான். குடலிலோ வயிற்றிலோ ரத்தம் கசிகிறதா என்று உள்நோக்குக் கருவி விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். புற்றுநோய் சில நேரம் இப்படித்தான் முதலில் தலைகாட்டுகிறது. மூலம் என்று சொல்லிக்கொண்டு தள்ளிப்போட வேண்டாம்.

எந்த வழியானாலும் நான்கு வாரத்தில் ஹீமோகுளோபினைத் திரும்பப் பாருங்கள். மாத்திரையில் குறைந்தது 1 ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் மாத்திரையைக் கூட்ட வேண்டாம்; ஒமெப்ரசோல், தே தாரேக், விட்டுப்போன நாட்கள், நிற்காத ரத்தப்போக்கு, வயிற்றில் எச்.பைலோரி கிருமி, தலசீமியா என்று ஒவ்வொன்றாகத் தள்ளிப் பாருங்கள். எதுவும் இல்லாமல், சின்ன வயதிலிருந்தே மாத்திரைக்கு மசியாத ரத்தச்சோகை என்றால் அரிதான ஒரு பரம்பரைக் கோளாறும் உண்டு. ஹெப்சிடினை அடக்கி வைக்க வேண்டிய டிஎம்பிஆர்எஸ்எஸ்6 மரபணு பழுதாகி, ஹெப்சிடின் எப்போதும் கூடியே இருக்கும்; 2008-இல் கண்டறிந்தார்கள். வாய்வழி எவ்வளவு கொடுத்தாலும் பெரிதாக ஏறாது, டிரிப்புக்கு மட்டும் பாதி மசியும். அந்தச் சந்தேகம் இருந்தால் ரத்தவியல் நிபுணரிடம் போகும்போது ஃபெரிட்டின், டிரான்ஸ்ஃபெரின் செறிவு (டிரான்ஸ்ஃபெரினில் எத்தனை பங்கு இரும்பால் நிரம்பியிருக்கிறது என்ற கணக்கு) இரண்டின் பழைய அறிக்கைகளையும் சேர்த்து எடுத்துப் போங்கள்.